பெட்டிக்குள்ளை வந்த சாத்தான்

மருமோன், நீர் பெட்டி திறக்கேக்கை நானும் மாமியும் பக்கத்திலைதான் நிண்டனாங்கள். அவவுக்கு ஒரு சீலை வரும், எனக்கு ஒரு போத்தில் வரும் எண்டு ஆளாளுக்கு ஒரு கணக்கு. மேலை சொக்கிளேற். அதுக்குக் கீழை சம்பூ. அதுக்கும் கீழை உம்மடை பிள்ளையளுக்கு அளவில்லாமல் போன சப்பாத்துகள். எல்லாத்துக்கும் அடியிலை ஒரு காலுறை, வாய் முடிஞ்சபடி. அவிட்டுக் கொட்டினால் சின்ன வெங்காயம் அளவிலை பத்துக் கிழங்கு.

"அம்மான், உது குரோகோஸ்மியா" எண்டீர். நீர் சொன்ன பக்குவத்துக்கு, அது ஆரோ பேரப்பிள்ளைக்கு வைச்ச பேர் எண்டெல்லோ நான் நினைச்சனான். மாமி பாவம், கையிலை வாங்கிக்கொண்டு போய் குசினியிலை வெங்காயக் கடகத்துக்குள்ளை போட்டவ. அண்டைக்கு இரவு புட்டும் மாம்பழமும் எண்டபடியால் நாங்கள் தப்பினம்.

லண்டன் ஹரோ வீட்டுப் பின்வளவிலை ஆடி மாசம் அது நெருப்புப் பத்தினமாதிரி நிக்கும், இஞ்சை படலையிலை இருந்து கிணத்தடி மட்டும் ரெண்டு வரிசை வைக்கப்போறன் எண்டு சொன்னீர். போனிலை படமும் காட்டினீர். நான் "நல்லது, நல்லது" எண்டனான். இருபது வருசம் லண்டனிலை இருந்ததிலை ஒண்டை மறந்துபோனீர். வேலணையிலை வயசு போனதுகள் ஒருக்கா "நல்லது" எண்டால் நல்லது. ரெண்டுதரம் சொன்னால், எழும்பிப் போய் வேறை வேலை பாக்கச் சொல்லுது.

நீர் போகேல்லை. மண்வெட்டி தேடினீர். அதாலைதான் இவ்வளவும் சொல்லவேண்டி வந்தது.

முதல் விசயம், உதைக் கொண்டு வந்ததே பிழை. என்ரை மகள் வயித்துப் பேத்தி கிளிநொச்சி அறிவியல் நகரிலை விவசாய பீடத்திலை படிக்கிறாள். காலுறையைக் கண்டதும் அவளுக்கு முகம் மாறிப்போச்சு. 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டம் எண்டு ஒண்டு இருக்காம். அனுமதி இல்லாமல் பிறநாட்டுக் கிழங்கு, விதை, பதியன், அதிலை ஒட்டின மண் ஒண்டும் நாட்டுக்குள்ளை கொண்டுவரேலாது. கட்டுநாயக்காவிலை உம்மடை பெட்டியை ஒருத்தரும் கிண்டேல்லை எண்டால் அது உம்மடை அதிட்டம். சந்தோசப்படாதையும். அங்கை உங்கடை நாட்டுச் சட்டத்திலையும் உந்த ஆளின்ரை குடும்பத்துக்குப் பேர் இருக்கு. 1981ஆம் ஆண்டுக் காட்டுயிர்ச் சட்டத்திலை ஒன்பதாம் அட்டவணை எண்டு ஒரு கறுப்புப் பட்டியல். இங்கிலாந்திலையும் வேல்சிலையும் 2010இலை இந்தச் செடியின்ரை சாதாரணக் கலப்பினத்தை அதிலை சேர்த்திட்டினம். வீட்டு வளவிலை வைக்கலாம். வேலிக்கு வெளியாலை காட்டிலை, கரையிலை நட்டால் குற்றம். அங்கை வெளியிலை விட்டால் குற்றம், இஞ்சை உள்ளை கொண்டு வந்தால் குற்றம். சட்டப்படி அது நிம்மதியாய் இருந்த கடைசி இடம் உம்மடை காலுறைதான்.

சரி, ஆள் ஆரெண்டு விசாரிப்பம். ஊரிலை ஒரு சம்பந்தம் வந்தால் விசாரிக்கிறதில்லையோ? அதுமாதிரி.

பிறந்த ஊர் ஆபிரிக்கா. தென்னாபிரிக்காவிலை இருந்து வடக்காலை சூடான் மட்டும் சொந்தபந்தம், மடகஸ்காரிலும் ஒரு கிளை. காட்டோரம், ஓடைக்கரை, கோடையிலை மழை பெய்யிற ஈர நிலம். காய்ஞ்ச பூவை வெந்நீரிலை போட்டால் குங்குமப்பூ வாசம் அடிக்குமாம். குரோகோஸ்மியா எண்டால் கிரேக்கத்திலை "குங்குமப்பூ மணம்" எண்டுதான் பொருளாம். மாமி அதைக் கேட்டவுடனை "அப்ப புக்கைக்குப் போடலாமோ?" எண்டவ. அவவின்ரை கேள்வியிலை பிழையில்லை. எங்கடை ஊரிலை ஒரு செடி வளவுக்குள்ளை வந்தால், ஒண்டில் சட்டிக்குப் போகவேணும், இல்லாட்டில் சாமிக்குப் போகவேணும். சும்மா வடிவுக்கு நிக்கிறதெண்டால் அது மாப்பிள்ளை மட்டும்தான்.

இன்னொரு பேர் மொன்ட்பிரேசியா. நெப்போலியன் எகிப்துக்குப் படை கொண்டு போகேக்கை, செடிகொடி பாக்கவெண்டு கூடப்போன ஒரு பெடியன்ரை பேர் அது. கொக்பேர் த மொன்ட்பிரே எண்டு. 1801இலை கெய்ரோவிலை செத்துப்போச்சுது, பாவம், இருபதைத் தாண்டின வயசு. உம்மடை லண்டன் வளவுகளிலை பரவிக் கிடக்கிற கலப்பினத்தை 1880 அளவிலைதான் பிரான்சிலை நான்சி எண்ட ஊரிலை விக்டர் லெமுவான் எண்டவர் ரெண்டு ஆபிரிக்கச் செடியைக் கலந்து உண்டாக்கினவர். செத்து எண்பது வருசத்துக்குப் பிறகு பிறந்த பிள்ளைக்கும் அந்தப் பெடியன்ரை பேரைத்தான் சொல்லி அழைக்கினம்.

லெமுவானைப் பற்றி ஒரு கதை கேட்டன், உம்மடை மாமிக்கு முன்னாலை சொல்லாதையும். மனுசன் லைலாக் எண்ட பூவிலையும் பேர்போனவர். ஆனால் கண்பார்வை மட்டு. ஏணியிலை ஏறிப் பூப்பூவாய் மகரந்தம் தொட்டு வைச்சது பெண்சாதி. பேர் மனுசனுக்கு. நான் புகையிலைக் கண்டு வைச்ச காலத்திலை இந்த வீட்டிலை ஆர் தண்ணி மாறினது எண்டு மாமி கேக்கத் தொடங்கினால் எனக்கு மறுமொழி இல்லை.

நீர் கொண்டுவந்தது லெமுவான்ரை சரக்கும் இல்லை. அதிலும் பெரிசு. நோர்போக்கிலை பிறெசிங்கம் எண்ட இடத்திலை அலன் புளூம் எண்டவர் 1966 அளவிலை உண்டாக்கினது. ஒரு மீற்றருக்கு மேலை வளருமாம். நல்ல இரத்தச் சிவப்பு. பேர் லூசிபர். சாத்தான்ரை பேர்! எங்கடை ஆக்கள் பிள்ளை தப்பவேணுமெண்டு குப்பை, பிச்சை எண்டெல்லாம் பேர் வைச்சவைதான். ஆனால் சாத்தான் எண்டு வைக்கிற துணிவு ஒருத்தருக்கும் வரேல்லை. இந்தப் பேரைச் சொல்லிக்கொண்டு ஊர்காவற்றுறைப் பக்கம் ஒரு வீட்டிலை நட்டுப்பாரும். மற்றநாள் சுவாமியார் தீர்த்தம் தெளிக்க வந்து நிப்பார்.

ஆள் எப்பிடிக் குடும்பம் பெருக்கிறது எண்டதைக் கேளும். போன வருசத்துக் கிழங்குக்கு மேலை இந்த வருசம் புதுக்கிழங்கு. அதுக்கு மேலை வாற வருசம் இன்னொண்டு. பழசு சாகாது, கீழை மணிக்கோவை மாதிரித் தொங்கிக்கொண்டு கிடக்கும். பக்கத்தாலையும் வேர்விட்டு ஓடிப்போய் அங்கை ஒரு குடித்தனம். நீர் செடியைப் பிடிச்சு இழுத்தால் மேல்மணி ரெண்டு கையோடை வரும். கீழ்மணி எல்லாம் அறுந்து மண்ணுக்குள்ளை நிண்டு சிரிக்கும். பேத்தி இதை வாசிச்சுக் காட்டேக்கை எனக்கு நெஞ்சு திக்கெண்டது. மருமோன், உது கோரை! எண்பது வருசமாய் நானும் என்ரை அப்புவும் இந்த வளவிலை கிண்டிக் கிண்டி முதுகு வளைஞ்ச கோரைக்கிழங்கு செய்யிற வேலையை அச்சொட்டாய்ச் செய்யுது. கோரைக்குச் சட்டை போட்டு, உதட்டுக்குச் சாயம் பூசி, பிளேனிலை ஏத்திக் கொண்டு வந்திருக்கிறீர். கோரையை நாங்கள் காசு குடுத்து வாங்கேல்லை எண்டதுதான் வித்தியாசம்.

அவுஸ்திரேலியாவிலையும் நியூசிலாந்திலையும் உதைக் களை எண்டுதான் சொல்லினம். அயர்லாந்தின்ரை மேற்குக் கரையிலை றோட்டோரம் முழுக்க உதுதானாம், பாக்க வடிவு எண்டு படமெடுக்கினமாம். வடிவாய் இருக்கிற களையை ஒருத்தரும் கோவிக்கிறதில்லை. பார்த்தீனியத்துக்கு அந்த முகவெட்டு இல்லாமல் போச்சு.

உடனை நீர் கேப்பீர், "அம்மான், அவ்வளவு முரட்டுச் செடி எண்டால் இஞ்சையும் நல்லாய் வருமெல்லோ?" எண்டு. அங்கைதான் பகிடி. லண்டனிலை சண்டியன், வேலணையிலை சவலை.

ஏனெண்டு சொல்லுறன். அதுக்கு வருசத்திலை ஒரு குளிர் வேணும், படுத்து நித்திரை கொள்ள. எழும்பினாப் பிறகு, இலை விட்டுப் பூக்கிற காலம் முழுக்கக் கால் ஈரமாய் இருக்கவேணும். உங்கை பங்குனி சித்திரையிலை நட்டு, ஆடி ஆவணியிலை பூப் பாக்கிறீர். இஞ்சை சித்திரையிலை நட்டால் என்ன நடக்கும்? வெயில் மண்டையைப் பிளக்கும். பிறகு சோளகம் துவங்கும். நீர் வந்த ஆடி மாசத்தைப் பாரும், நல்லூர்க் கொடியேத்தத்துக்குப் போட்டு வந்து கண்ணுக்குள்ளை மண் எண்டு கண் கசக்கினீரே, அந்தக் காத்துத்தான். பனையோலையையே நார் நாராய்க் கிழிக்கிற காத்துக்கு, வாள்மாதிரி நிக்கிற உம்மடை இலை எந்த மூலைக்கு? மழை வாறது ஐப்பசி கார்த்திகையிலை. அந்த நேரம் உம்மடை கிழங்கு நித்திரைக்குப் போற நேரம். கலியாணம் முடிஞ்சு பந்தல் பிரிக்கேக்கை வந்து நிக்கிற மேளகாரர் மாதிரி அதுக்கும் எங்கடை பருவத்துக்கும் ஒருநாளும் பொருந்தாது.

மண்ணைப் பற்றியும் சொல்லவேணும். நாங்கள் இருக்கிறது சுண்ணாம்புக் கல்லுக்கு மேலை. ஒரு முழம் வெட்டினால் கல் மண்வெட்டியோடை கதைக்கும்.

தண்ணிக் கதைதான் பெரிசு. அதிலை எனக்குப் பகிடி இல்லை.

நீர் வந்து ரெண்டாம் நாள் கிணத்திலை மோட்டர் பூட்டி, குழாய் இழுத்து, சுத்திச் சுத்தித் தெளிக்கிற ஒரு சாமானும் வைக்கப்போறன் எண்டீர். மருமோன், இந்தத் தீவுக்கு ஆறில்லை, அருவியில்லை. மாரியிலை பெய்யிற மழை சுண்ணாம்புக் கல்லுக்குள்ளாலை இறங்கி, கீழை கிடக்கிற உப்புத் தண்ணிக்கு மேலை ஒரு ஆடை மாதிரி மிதக்குது. பாலுக்கு மேலை ஏடு கட்டினமாதிரி எண்டு வையும். அவ்வளவுதான் எங்கடை சொத்து. நாங்கள் துலாவிலை பட்டை கட்டி இறைச்ச காலத்திலை ஏடு ஏடாய் இருந்தது. கை உளைஞ்சால் இறைப்பு நிக்கும், கிணறு ஊறும். மோட்டருக்குக் கை உளையாது. ஏட்டை உறிஞ்சி முடிய, கீழை இருந்து உவர் மேலை வரும். வந்தால் போகாது. ஒரு கிணறு உவரேறினால் பக்கத்துக் கிணறும் பாத்துக்கொண்டிராது. கோடையிலை தண்ணி பவுசர் வருமோ எண்டு வாளியோடை நிக்கிற தீவுச் சனத்துக்கு முன்னாலை, லூசிபருக்குத் தண்ணி தெளிக்கிறன் எண்டு நீர் குழாயைத் திருப்பினால், சாத்தான் ஆரெண்டு சனம் தேடித் திரியத் தேவையில்லை.

சாட்டிப் பக்கத்துக் கிணறுகளிலை நல்ல தண்ணி இருக்கெண்டு அதையும் ஒருக்கா இழுத்துக் கதைச்சீர். கேக்காத மாதிரி இருந்திட்டன்.

ஆனாலும் உம்மடை முகம் வாடுறதை எனக்குப் பாக்கேலாது. என்ரை தங்கச்சி பெத்த பிள்ளை. அதாலை, வைக்கத்தான் வேணுமெண்டால் வழி சொல்லுறன். நிலத்திலை வையாதையும், சட்டியிலை வையும். அடியிலை துளை உள்ள பெரிய சட்டி. சிவத்த மண் ஒரு பங்கு, உக்கின மாட்டெரு ஒரு பங்கு, கொஞ்சம் மணல். எங்கடை வெள்ளை மண்ணைக் கிட்டவும் கொண்டுபோகாதையும். நாலு விரல் ஆழத்திலை, முளைப்பக்கம் மேலை பாக்க, அஞ்சு கிழங்கைக் கூட்டாய் வையும். தனியாய் நட்டால் அது கவலைப்படும், கூட்டமாய் நட்டால்தான் பூக்கும் எண்டு அங்கத்தைய ஆக்கள் சொல்லுகினம், எங்கடை ஆக்கள் மாதிரித்தான். ஆடியிலை இல்லை, கார்த்திகை மழை வெளிச்ச பிறகு வையும். மார்கழி, தை, மாசிதான் எங்களுக்கு இருக்கிற குளிர். காலமை வெயில், பின்னேரம் நிழல், கிணத்தடித் தொட்டிக்குப் பக்கத்திலை எண்டால் கை கழுவுற தண்ணியிலையே பிழைக்கும். இலை காய்ஞ்சால் வெட்டாமல் விடும், அதிலை இருக்கிற சத்துக் கிழங்குக்கு இறங்கட்டும். மூண்டு வருசத்துக்கு ஒருக்காக் கிளப்பிப் பிரிச்சு வையும்.

இவ்வளவும் செய்தால் என்ன வரும்? இலை வரும். நல்ல பச்சை இலை. பூ வேணுமெண்டால் சட்டியைத் தூக்கிக்கொண்டு நுவரெலியாவுக்குப் பஸ் ஏறும்.

இனித்தான் நான் சொல்லவந்த கதை. உந்தக் கிழங்குக் கட்டிலை ஒட்டின துண்டை மாமியின்ரை கண்ணாடி போட்டு வாசிச்சுப் பாத்தன். ஒல்லாந்திலை விளைஞ்சது எண்டு கிடக்கு. உலகம் முழுக்கப் பூக்கிழங்கு விக்கிறவன் ஒல்லாந்தன். உமக்கு ஞாபகம் இருக்கோ, பள்ளிக்கூடத்திலை படிப்பிச்சவை, ஒல்லாந்தர் 1658இலை யாழ்ப்பாணத்தைப் பிடிச்சுப்போட்டு, தங்கடை ஊர் ஞாபகத்திலை எங்கடை தீவுகளுக்கெல்லாம் பேர் வைச்சவை. காரைதீவு அம்ஸ்ரர்டாம். புங்குடுதீவு மிடில்பேர்க். நயினாதீவு ஹார்லெம். அனலைதீவு றொட்டர்டாம். நெடுந்தீவு டெல்ப்ற், அந்தப் பேர் மட்டும் இண்டைக்கும் ஒட்டிக்கொண்டு கிடக்கு. எங்கடை வேலணைத்தீவுக்கு வைச்ச பேர் லெய்டன். ஊர்காவற்றுறைக்கு முன்னாலை கடலுக்குள்ளை நிக்கிற கோட்டைக்கு ஹம்மன்ஹீல், அதாவது பன்றித்தொடையின்ரை குதிக்கால். முழு இலங்கையையும் பாத்தவனுக்கு ஒரு பன்றித்தொடைதான் தெரிஞ்சிருக்கு. பசியிலை வந்த சனம்.

அந்த மற்ற லெய்டன் இருக்கே, ஒல்லாந்து லெய்டன், அங்கை பல்கலைக்கழகத்துக்கு ஒரு பூந்தோட்டம், 1590இலை துவங்கினது. குளூசியஸ் எண்ட பெரியவர் அங்கை நட்ட துலிப் கிழங்கு 1594இலை பூத்தது. ஒல்லாந்தன்ரை பூக்கிழங்குப் பைத்தியத்துக்குத் தலைப்பிள்ளை அதுதான். பிறகு 1670களிலை கொழும்பிலை ஒல்லாந்தக் கும்பனிக்கு வைத்தியராய் இருந்த பவுல் ஹெர்மன், இலங்கைச் செடிகொடி எல்லாம் காயவைச்சுக் கட்டிக்கொண்டு போய், அந்த லெய்டன் தோட்டத்துக்கே பொறுப்பாளரானவர். தோட்டத்திலை நிண்ட செடிகளைப் பற்றி 1687இலை ஒரு புத்தகம் அச்சிட்டவர். அதிலை ஒரு செடிக்குப் பேர் "மெத்தோனிக்கா". அது என்ன தெரியுமோ? மலையாளத்தார் மேந்தோன்னி எண்டு சொல்லுறது. நீர் சின்னனிலை எங்கடை பின்வேலிக் கிளுவைக் கதியாலிலை படர்ந்து நிண்டதைப் பிடுங்கப்போய் என்னட்டை அடி வாங்கினது. கார்த்திகைப்பூ.

எண்டால், லெய்டன் எண்டு பேர் வைச்ச ஊரின்ரை வேலியிலை நிக்கிற கிழங்கு, முந்நூறு வருசத்துக்கு முதலே அசல் லெய்டனிலை ஆராரோ பெரிய மனுசர் சுத்தி நிண்டு பாத்த சாமான். அதை வேலியிலை விட்டிட்டு, ஒல்லாந்தன் பொட்டலம் கட்டி லண்டனிலை வித்ததைக் காசு குடுத்து வாங்கி, காலுறையிலை ஒளிச்சு லெய்டனுக்கே கொண்டு வந்திருக்கிறீர். உம்மடை கொப்பர் சங்கக்கடையிலை இருந்து பனங்கட்டி வாங்கிக்கொண்டு பனங்காட்டுக்குள்ளாலை வந்த கதை ஞாபகம் வருகுது. பரம்பரைக் குணம் போகாது.

ரெண்டையும் பக்கத்திலை வைச்சுப் பாரும். அதுவும் கிழங்கு, இதுவும் கிழங்கு. அதுவும் நெருப்பு, இதுவும் நெருப்பு. கார்த்திகைப்பூவின்ரை ஆறு இதழும் மேலை பாத்து வளைஞ்சு, காத்திலை தீச்சுவாலை எழும்பினமாதிரி நிக்கும். முதல் பச்சை, பிறகு மஞ்சள், பிறகு செம்மஞ்சள், கடைசியிலை குங்குமச் சிவப்பு, ஒரே பூவுக்கு நாலு சீலை. இலை நுனியே சுருண்டு கொழுகொம்பைப் பிடிக்கும், கட்டிவிடத் தேவையில்லை. முக்கியமாய் எங்கடை பருவம் அதுக்குத் தெரியும். சோளகத்திலை ஒரு தடயமும் இல்லாமல் மண்ணுக்குள்ளை படுக்கும். புரட்டாதி ஐப்பசியிலை முதல் மழை விழ எழும்பும். கார்த்திகை விளக்கீட்டுக்குப் பூ. ஒரு வாளி தண்ணி நீர் விடத் தேவையில்லை. மோட்டர் காசு மிச்சம்.

வம்சத்துக்கும் குறைவில்லை. கபிலர் குறிஞ்சிப்பாட்டிலை தொண்ணூற்றொன்பது பூவை வரிசையாய்ச் சொல்லேக்கை முதல் சொல்லுறது காந்தளைத்தான். மலைக்குரிய பூ எண்டு அவை எழுதிவைச்சினம். வேலணையிலை மலை எங்கை? குப்பைமேடுதான் உயரம். ஆனாலும் பூக்குது. தமிழ்நாட்டு அரசுக்கு அது மாநிலப் பூ. சிம்பாப்வே நாட்டுக்குத் தேசியப் பூ. உங்கடை எலிசபெத் மகாராணி, இளவரசியாய் 1947இலை அந்தப் பக்கம் போகேக்கை, பள்ளிக்கூடப் பிள்ளையள் காசு சேர்த்து இந்தப் பூ வடிவிலை வைரத்திலை ஒரு புறோச் செய்து குடுத்தவையாம். இஞ்சை அந்தப் பூவுக்கு இருக்கிற மற்றக் கதை உமக்கும் தெரியும், எனக்கும் தெரியும், வேலிக்கு வெளியாலை நிண்டு எட்டிப் பாக்கிறவருக்கும் தெரியும். செடிக்கு மட்டும் தெரியாது. அது தன்ரை பாட்டிலை கார்த்திகையிலை பூக்குது.

லின்னேயஸ் 1753இலை அதுக்கு வைச்ச பேர் குளோரியோசா சுப்பேர்பா. புகழும் செருக்கும் எண்டு வைச்சுக்கொள்ளும். லூசிபரை விட நல்ல பேர், சுவாமியாரும் வரமாட்டார்.

பெருமை சொன்னன், இனிப் பழுதையும் சொல்லவேணும். இல்லாட்டில் கலியாணத் தரகர் ஆகிப்போவன். அது நஞ்சு. முழுக்க நஞ்சு, கிழங்கு சரியான நஞ்சு. கலப்பை மாதிரி வளைஞ்சு கிடக்கிறபடியால் கலப்பைக்கிழங்கு எண்டும் பேர். பாக்கிறவைக்கு ஏதோ வத்தாளை வகை எண்டு தோன்றும். இலங்கையிலை அப்பிடி நினைச்சு அவிச்சுத் திண்டு செத்தவை உண்டு. திண்டால் முதல் கொலரா மாதிரிச் சத்தியும் வயித்தாலையும். பிறகு இரத்தம் பழுதாகும். அதிலை தப்பினவைக்கும் ஒண்டு ரெண்டு கிழமையிலை தலைமயிர் கொட்டும். உம்மடை தலையைப் பாக்க, நீர் அதுக்குப் பயப்படத் தேவையில்லை எண்டு தெரியுது. பிள்ளையள் விசயத்திலை பகிடி விடேலாது. சின்னப் பிள்ளையள் ஓடித்திரியிற முன்முற்றத்திலை வேண்டாம், ஆடு மாடு எட்டுற இடத்திலையும் வேண்டாம். பின்வேலியிலை, கிளுவையோடை படர விடும். மாமியின்ரை வெங்காயக் கடகத்துக்கும் அதுக்கும் இடையிலை குறைஞ்சது நூறு யார் இருக்கவேணும்.

அந்த நஞ்சுக்கு கொல்சிசின் எண்டு பேர். கேள்விப்பட்ட பேராய் இருக்கோ? போன வருசம் கால் பெருவிரல் வீங்கி, கவுட் எண்டு நடக்கேலாமல் கிடந்தீர் எண்டு உம்மடை கொம்மா அழுதழுது போனிலை சொன்னவ. அப்ப டொக்டர் தந்த குளிசைக்கு என்ன பேர் எண்டு நான் கேட்டு எழுதி வைச்சிருக்கிறன். அதேதான். தமிழ்நாட்டிலை ஒட்டன்சத்திரம், மூலனூர்ப் பக்கம் இதைக் கண்வலிக்கிழங்கு எண்டு பந்தல் போட்டுப் பயிர் செய்யினம். விதைக்குத்தான் விலை, பிறநாட்டு மருந்துக் கும்பனியள் வாங்குது. பூவின்ரை சூல்தண்டு ஒருபக்கமாய் மடங்கி மகரந்தத்தை விட்டு விலகி நிக்கிறபடியால், விடியக்காலமை பெண்பிளையள் பூப்பூவாய்ப் போய்க் கையாலை தொட்டு வைக்கினம். லெமுவான்ரை பெண்சாதிக்கு ஒட்டன்சத்திரத்திலை இவ்வளவு தங்கச்சிமார்! ஆக, லண்டனிலை நீர் விழுங்கின குளிசைக்குள்ளை எங்கடை வேலிச் சாதி கிடந்திருக்கவும் கூடும். அளவு தெரிஞ்ச டொக்டர் தந்தபடியால் நடக்கிறீர். அந்த அளவு எனக்கும் தெரியாது, உமக்கும் தெரியாது. அதாலை வேலியிலை நிக்கிறதைப் பாக்கிறதோடை நிப்பாட்டும். கைவைத்தியம் ஒண்டும் வேண்டாம்.

நடுறதெண்டால் கிழங்கைக் கோடையிலை, படுத்திருக்கேக்கை கிளப்பவேணும். கவனம், முளை இருக்கிறது கிழங்கின்ரை நுனியிலை மட்டும்தான். அது முறிஞ்சால் போச்சு. சரிச்சுப் படுக்கவைச்சு, ரெண்டு மூண்டு விரல் ஆழத்திலை மூடிவிடும். பக்கத்திலை ஒரு கதியால். பிறகு நீர் பிளேன் ஏறலாம். அது உம்மைத் தேடாது.

உம்மடை பத்துக் கிழங்கும் என்னாச்சு எண்டு போனிலை ஒவ்வொரு ஞாயிறும் கேக்கிறீர், நான் "நல்லாய் இருக்கு, நல்லாய் இருக்கு" எண்டு சொல்லுறன். ரெண்டுதரம் சொன்னதைக் கவனிச்சிருப்பீர். பேத்தி, பத்தையும் தாச்சியிலை போட்டு எரிக்கவேணும், அதுதான் சட்டம் எண்டு நிண்டவள். ஏழை எரிச்சிட்டாள். மூண்டை நான், அவள் கிளிநொச்சிக்கு பஸ் ஏறின பிறகு, கிணத்தடியிலை பழைய எண்ணெய்ச் சட்டியிலை ஒளிச்சு வைச்சனான். எண்பது வயசிலை ஒருக்காச் சாத்தானைக் கண்ணாலை பாக்க ஆசை இருக்காதோ? ஒண்டைக் கோழி கிளறிப்போட்டுது. ஒண்டு முளைக்கவேயில்லை. ஒண்டு தையிலை நாலு இலை விட்டு நிண்டது, மாமி அதை இஞ்சி எண்டு நினைச்சுத் தண்ணி ஊத்தினவ. பங்குனி வெயிலோடை அதுவும் முடிஞ்சுது. சட்டியைக் கவிட்டுக் கிழங்கையும் எரிச்சுப்போட்டன், பேத்திக்குச் சொல்லாதையும்.

அடுத்தமுறை வரேக்கை ஆடியிலை வராதையும், கார்த்திகையிலை வாரும். காலுறைக்குள்ளை ஒண்டும் வேண்டாம். தடிச்ச றப்பர்க் கையுறை ஒரு சோடி கொண்டாரும், கலப்பைக்கிழங்கு கிளப்ப வெறுங்கை ஆகாது. பெட்டியிலை மிச்சமாய் இருக்கிற இடத்திலை அந்தப் போத்திலை வையும்.